பட்டனுக்கு மிச்சமிருந்த பல்

வெர்னாவுக்கு அன்று காலையிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். மே மாதம் பிறந்து, குளிர்காலம் முழுக்க மான்களுக்காக அடைத்து வைத்திருந்த மலையைத் திறந்துவிட்டார்கள். ஊரில் கால் உள்ளவர்கள் எல்லாம் எல்க் மான் உதிர்த்துப் போட்ட கொம்பைப் பொறுக்க மேலே ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் வீங்கிய முழங்காலை நீட்டிக்கொண்டு, சிநேகிதி ஓபலின் வண்டியில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொம்பு வாங்க. பாதி ஆயுசு மலையேறிக் கொம்பு சுமந்தவள் மேசையில் பரப்பி வைத்ததை வாங்கப் போவது அவளுக்குக் கேவலமாக இருந்தது.

"ஏன்டி மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கே? எழவு வீட்டுக்கா போறோம்?" என்றாள் ஓபல், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கொம்பு வாங்கித் திங்கிற நெலமைக்கு வந்துட்டேன் பாரு."

"நீயா திங்கப் போறே? உன் நாய்தானே திங்கப் போகுது."

பின்சீட்டில் பட்டன் கிடந்தது. கறுப்பும் வெள்ளையுமான மாட்டுநாய். நெஞ்சில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு இருந்ததால் அந்தப் பெயர். தோள்மூட்டு தேய்ந்து, மாடு ஓட்டுவதை விட்டு ஒரு வருஷமாகிறது. ஓட முடியாத நாய்க்கு வாய் சும்மா இருக்குமா? கதவு, நாற்காலிக் கால், குதிரைச் சேணம், எது அகப்பட்டாலும் மென்றது.

அதற்குத்தான் போன கிறிஸ்துமஸுக்கு டெல்பர்ட் ஒரு கொம்புத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். டெல்பர்ட் அடுத்த பண்ணைக்காரன். வெர்னாவும் அவனும் ஒரே சரிவில் எத்தனையோ வசந்தம் கொம்பு பொறுக்கியவர்கள். அவன் கொடுத்தது கொம்பின் அடிப்பகுதி, கிடா மானின் தலையோடு ஒட்டியிருந்த இடம். மணிக்கட்டு கனம். "இரும்பு மாதிரி இருக்கு பாரு. உன் நாய் ஆயுசுக்கும் மெல்லலாம்" என்றான் பெருமையாக.

இந்த ஊர்க்காரர்களின் கோளாறே இதுதான். கொம்பு என்றால் கனமாக இருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும், அதுதான் உசத்தி. கூடத்தில் மாட்டுவதற்கு அது உசத்திதான். கத்திக்குப் பிடி போட உசத்திதான். நாயின் வாய்க்கும் அதுதான் உசத்தி என்று நினைத்தார்களே, அங்கேதான் புத்தி புல் மேயப் போய்விட்டது. பல்லைவிடக் கெட்டியான பொருளைப் பல்லால் கடித்தால் எது உடையும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. வெர்னாவுக்கும்தான்.

பட்டனின் இடது மேல்கடைவாய்ப் பல் உடைந்தது. நாய்க்கு எலும்பை வெட்டிச் சாப்பிட உள்ள பெரிய பல் அது. ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து, வேரில் சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே வீங்கிப் போனது. நாயோ வலியைக் காட்டிக்கொள்ளாமல், வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகவே தின்றது. கடைசியில் கால்நடை டாக்டர் பிரிஸ்கோ பல்லைப் பிடுங்கினார். டெல்பர்ட் கேள்விப்பட்டு ஓடிவந்து, தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். "தெரியாமப் பண்ணிட்டேன் வெர்னா" என்றான். தெரியாமல் செய்ததற்கு என்ன செய்ய முடியும்? உள்ளே கூப்பிட்டு அவனுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள்.

பல் போனதோடு கொம்பும் போனது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரப்பர் பொம்மை வாங்கிப் போட்டாள். பட்டன் அதைக் கிழித்து முழுங்கி இரண்டு நாள் வாந்தி எடுத்தது. பதனிட்ட தோல் கொடுத்தாள், வயிற்றாலே போனது. அப்புறம்தான் அந்த நாய் கல்லைக் கண்டுபிடித்தது. முற்றத்துச் சரளைக் கல். தேர்ந்தெடுத்து வாயில் போட்டு, வலது பக்கம் ஒதுக்கி, கடக் கடக்கென்று மெல்லும். எலும்பை வெட்டும் பெரிய பல்லில் மிச்சமிருந்தது அந்த வலது பல் ஒன்றுதான். அதுவும் போனால் பட்டன் கடைசிக் காலம் வரை கூழ்தான் நக்க வேண்டும்.

கல் மெல்லும் கதையைக் கேட்டதும் டாக்டர் பிரிஸ்கோ தலையைச் சொறிந்துகொண்டு தன் கண்டிப்பிலிருந்து இறங்கிவந்தார்.

"கல்லுக்குக் கொம்பே மேல்தான். ஆனா நான் சொல்ற கொம்பா இருக்கணும். முழுசா குடுக்கக் கூடாது. நடுவுல நெடுக்காப் பிளந்து, உள்ளே மெத்துன்னு இருக்கிற உள்சோறு வெளியே தெரியணும். அதைத்தான் நாய் சுரண்டித் தின்னணும், வெளி ஓட்டைக் கடிக்கக் கூடாது. இந்த வருஷம் உதிர்ந்ததா இருக்கணும். பழசு ஊசி ஊசியா உடைஞ்சு தொண்டையைக் கிழிக்கும். கறிச்சாறுல ஊற வச்சுக் குடுங்க. பக்கத்துலயே உக்காருங்க. சின்னதா ஆனதும் பிடுங்கிருங்க."

"கெட்டியா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

"நகத்தால உள்சோத்தை அழுத்துங்க, கொஞ்சம் பதியணும். இல்லேன்னா உங்க முட்டியில தட்டிப் பாருங்க. வலிச்சா நாய்ப் பல்லுக்கு ஆகாது."

"எந்த முட்டியில? என் வலது முட்டி காத்து பட்டாலே வலிக்கும் டாக்டர்."

"அப்ப இடது முட்டியில தட்டுங்க" என்றார் அவர் சிரிக்காமல்.

சந்தை நகரப் பூங்காவைச் சுற்றி நடந்தது. மேசை மேசையாகக் கொம்பு. கீழே தார்ப்பாயில் குவியல் குவியலாகக் கொம்பு. தொப்பிக்காரர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையில் ஆட்டி எடை பார்த்தார்கள். இங்கே மூன்று சொல்தான் நடப்பு. இந்த வருஷத்தது பழுப்பு. ஒரு வருஷம் வெயில் தின்றது வெள்ளை. பல வருஷம் கிடந்து பொரிந்தது சுண்ணாம்பு. பழுப்பு என்று விற்கிறவன் சொன்னால் அது பழுப்பு. எடுத்துப் பார்க்கலாம், முகர்ந்துகூடப் பார்க்கலாம், ஆனால் அவனைக் கேட்காமல் சுரண்டியோ தேய்த்தோ பார்க்கக் கூடாது. அடுத்தவன் கொம்பைச் சுரண்டுவது அவனைத் திருடன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. இதற்காக உறவு அறுந்த குடும்பங்கள் உண்டு.

டெல்பர்ட்டின் மேசையில் நாய்க்கான துண்டுகள் மட்டும் இருந்தன. இரண்டாகப் பிளந்து, ஓரம் மழுக்கி, கூடை கூடையாக. வெர்னாவுக்கு மனசு குளிர்ந்தது. பட்டனுக்கு நடந்ததைப் பார்த்துப் பாடம் படித்துவிட்டானே என்று நினைத்தாள். அவன் மேல் ஒரு பாசமே வந்தது.

"வா வெர்னா, வா. உன் பட்டன் பையனுக்கு என்ன வேணும்? எல்லாம் பழுப்பு. நானே போன வாரம் மேல ஏறி இறக்கினது."

"பிளந்தது குடு. வாயைவிட நீளமா இருக்கணும், முழுங்காம."

"இதோ, இது. வழவழன்னு இருக்கு பாரு."

பக்கத்தில் ஓர் இளம் ஜோடி நின்றது. வெளியூர்க்காரர்கள். அந்தப் பெண்ணின் கோட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டிநாய் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பால்பல்கூட விழாத குட்டி. அவள் கையிலும் ஒரு துண்டு இருந்தது.

வெர்னா தன் துண்டை எடுத்தாள். அரை ஆயுசு கொம்பு தூக்கிய கை அது, உடனே ஏதோ இடித்தது. கனம் போதவில்லை. பழுப்புக் கொம்பில் ஈரம் இருக்கும், கையில் குளிர்ந்து உட்காரும். இது காய்ந்த சுள்ளி போல் இருந்தது. உள்சோற்றில் நகத்தை வைத்தாள். பதியவில்லை, பொடிந்தது. நகக்கண்ணில் வெள்ளைத் தூள்.

முகர்ந்து பார்த்தாள். காட்டு வாசனை இல்லை. மான் வாசனை இல்லை. காப்பி வாசனை வந்தது.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, கொம்பை அழுத்தித் தேய்த்தாள்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் மேசைக்காரன் கையில் தூக்கிய கொம்போடு அப்படியே நின்றான். ஓபல் அவள் முழங்கையைப் பிடித்தாள். "அடியே, என்னடி பண்றே? கேட்டுட்டுப் பண்ணுடி" என்றாள் தணிந்த குரலில்.

கைக்குட்டை பழுப்பாகிவிட்டது. கொம்பில் அந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"டெல்பர்ட், இது என்ன?"

"என்னது என்ன? இப்படி ஊரைக் கூட்டி என் சரக்கைச் சுரண்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கா? சுண்ணாம்புக் கொம்புக்குக் காப்பி பூசி வச்சிருக்கே. நான் வெக்கப்படணுமா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். மேசைக்கு மேல் குனிந்தான். "சத்தம் போடாத. இந்த வருஷம் மலையில பெருசா ஒண்ணும் அகப்படல. கொட்டகைக்குப் பின்னால பழசு கெடந்துச்சு. நான் என்ன, கொம்புல சரவிளக்கு செய்றவனுக்கா வித்தேன்? அவனை ஏமாத்துனா நீ கேளு. இது நாய்க்குத்தானே."

நாய்க்குத்தானே. வெர்னாவுக்குக் காது சுட்டது. பனியில் கன்று தேடிப் போன நாய், முட்ட வந்த காளையின் முன்னால் பாய்ந்து அவளைக் காப்பாற்றிய நாய், பல் வேரில் சீழோடு வாலாட்டிய நாய். அதற்குத்தானே! யார் வீட்டுக் கூடத்திலோ விளக்காகத் தொங்கப் போகும் கொம்புக்கு இருக்கிற மரியாதை, அதை மென்று முழுங்கப் போகும் உயிருக்கு இல்லை.

"உனக்குத் தெரியாதா இது ஊசியா உடையும்னு? போன தடவை தெரியாமப் பண்ணினே. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்பத் தெரிஞ்சே பண்றே."

"சரிம்மா, சரி. விடு." டெல்பர்ட் மேசைக்கடியில் கைவிட்டு ஒரு பெட்டியை இழுத்தான். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, யாரும் பார்க்காதபடி அவள் கைக்குக் கீழே நீட்டினான். "நெஜப் பழுப்பு. பிளந்தது. பட்டனுக்கு எடுத்துக்கோ, சும்மா எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டுப் பேசாமப் போ."

கை பட்டதுமே தெரிந்தது. குளிர்ச்சி, கனம். உள்சோறு சாம்பலும் சிவப்புமாக ஈரத்தோடு இருந்தது. நகம் வைத்தாள்; லேசாகப் பதிந்தது. டாக்டர் சொன்ன கொம்பு இதேதான். இதற்காகத்தான் வந்தாள். இதை வாங்கிப் பையில் போட்டால் பட்டன் இன்று சாயங்காலமே கல்லை விட்டுவிடும். அந்த ஒற்றைப் பல் பிழைத்துவிடும். பொய் சொல்வானேன், வெர்னாவின் விரல்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டன.

அப்போதுதான் பெட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். மேசைக்கடியில் டெல்பர்ட்டின் வேட்டைநாய் கர்னல், நீளக் காதைத் தரையில் பரப்பிப் படுத்திருந்தது. அதன் முன்கால்களுக்கு நடுவில் ஒரு கொம்புத் துண்டு. பிளந்த, ஈரமான, நல்ல பழுப்பு. கர்னல் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது.

தன் நாய்க்கு நல்லதாக எடுத்து வைத்திருக்கிறான்! அப்படியென்றால் எல்லாம் தெரிந்திருக்கிறது. எது உடையும், எது உடையாது, எல்லாம்.

வெர்னா நிமிர்ந்தாள். அந்தப் பெண் கோட்டுக்குள் குட்டியோடு, கையில் காப்பிக் கொம்போடு, ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா நல்ல துண்டை மேசைமேல் வைத்தாள். வைக்க மனசே வரவில்லை, வைத்தாள். தேய்த்து வெளுத்த துண்டை எடுத்து டெல்பர்ட்டின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"கர்னலுக்கு இதைக் குடு."

"என்னது?"

"உன் நாய்க்கு இதைக் குடு. நாய்க்குத்தானே. நல்ல கொம்புன்னு சொல்லித்தானே இந்தப் பொண்ணுகிட்ட விக்கிறே? நான் சுரண்டுனது தப்புன்னா, இதை உன் நாய் வாயில குடு. நான் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

"அதுக்குப் பசியில்ல இப்போ."

"கொம்பு மெல்ல என்னப்பா பசி?" என்றான் எதிர் மேசைக்காரன்.

"குடேன் டெல்பர்ட். ஒரு நிமிஷ வேலை" என்றாள் ஓபல். முழங்கையை எப்போது விட்டாளோ.

டெல்பர்ட் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோய்த் துண்டை வெடுக்கென்று பிடுங்கி, குனிந்து, மேசைக்கடியில் நீட்டினான். கர்னல் கண்ணைத் திறந்தது. எஜமான் தருவதை வாங்கிப் பழகிய நாய். வாயைத் திறந்து தலையை நீட்டியது. பல் கொம்பைத் தொடப்போனது.

டெல்பர்ட் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

எல்லோரும் பார்த்தார்கள். அவனும் தன் கையைப் பார்த்தான். கர்னல் மட்டும் விஷயம் புரியாமல் வாயைத் திறந்தபடியே காத்திருந்தது.

அந்தப் பெண் தன் கையிலிருந்ததை ஓசையில்லாமல் கூடையில் போட்டாள். பின்னால் நின்ற ஒருவர், முன்பே வாங்கிப் பையில் வைத்திருந்த இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். டெல்பர்ட் கர்னலின் தலையைத் தடவிக்கொண்டு குனிந்தே நின்றான்.

வெர்னா நகர்ந்துவிட்டாள். நல்ல துண்டு மேசைமேலேயே கிடந்தது. திரும்பி எடுத்தால் பேசிய வாய்க்கு விலை வாங்கியது போல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வீராப்பு பேசியது அவள், கல்லைக் கடிக்கப் போவது பட்டன்.

வண்டி நிறுத்திய சரளைத் திடலுக்கு வந்தார்கள். ஓபல் சாவியைத் தேடினாள். கதவைத் திறந்ததும் பட்டன் குதித்திறங்கி, மோப்பம் பிடித்து, ஒரு கல்லை எடுத்துக்கொண்டது. கடக்.

"ஐயோ, விடுறா." வெர்னா கீழே உட்கார்ந்தே விட்டாள். முழங்கால் உயிர்போக வலித்தது. நாயின் தாடையை விரித்து, விரலை விட்டுக் கல்லைத் தோண்டி எடுத்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பல் இருந்தது. முழுசாக இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்பர்ட் மேல் வந்த கோபம் அடங்காமல், தன் மேலும் கொஞ்சம் திரும்பியது.

"அவன் சும்மா குடுத்தான். வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள் ஓபல்.

"அந்தக் குட்டி செத்திருக்கும்டி."

"நான் பேசாதேன்னா சொன்னேன்? ரெண்டையும் பண்ணியிருக்கலாம்னு சொன்னேன்."

"எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் பத்தாது." வெர்னா ஓபலின் தோளைப் பிடித்து எழுந்தாள். "வா, உள்ள போலாம். இன்னும் எத்தனையோ மேசை இருக்கு."

"மறுபடியுமா? உன்னைக் கண்டா இப்பக் கல்லால அடிப்பாங்க."

"அடிக்கட்டும். கேக்காமத்தான் சுரண்டப் போறேன்."

பட்டனையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி உள்ளே போனாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. முதல் மேசைக்காரர் அவளைக் கண்டதும் தார்ப்பாயை இழுத்துக் கொம்புகளை மூடினார். காற்று கூட இல்லாத நாளில், "காத்தடிக்குது" என்றார். ஓபல் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டாவது மேசையில் ஆளே இல்லை, மேசை மட்டும் இருந்தது.

மூன்றாவது மேசையில் ஒரு நரைத்த மீசைக்காரர், வெர்னாவுக்கு அறிமுகமில்லாதவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் வருவதைப் பார்த்தார். கயிற்றின் முனையில் வரும் கிழட்டு நாயையும் பார்த்தார். எழுந்து, தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, தன் கொம்புக் குவியலின்மேல் அவள் பக்கமாக வைத்தார்.

"எதை வேணும்னாலும் தேச்சுக்கோங்கம்மா" என்றார்.